மாமன் சொத்தும் மாமன் சாயலும்

கேள்வி:

ஐயா, நான் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நான் மூத்தவள், அடுத்து தங்கை, கடைசியில் தம்பி. தம்பி ஆறாம் வகுப்பு போன பிறகுதான் எங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் அவனுக்கு ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரிகின்றன. அம்மாவின் அண்ணனுக்கும், அதாவது என் மாமாவுக்கும், சிறு வயதிலிருந்தே அப்படித்தானாம். ஆனால் மாமாவின் மகனுக்கு எல்லா நிறமும் நன்றாகத் தெரிகிறது. முகம், நடை எல்லாவற்றிலும் தம்பி மாமாவை உரித்து வைத்திருக்கிறான். அம்மாவைப் பெற்ற ஆச்சி, "நம்ம மருமக்கள் வழி குடும்பமாக்கும். மாமனுக்க சொத்து மட்டுமில்ல, ரெத்தமும் மருமகனுக்குத்தான்" என்கிறாள். பாடப்புத்தகத்தில் அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்றுதான் இருக்கிறது. மாமாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆச்சி சொல்வது சரியா?

அப்பா வீட்டில் சிலர், "முதல் ரெண்டும் பெண்ணாப் பெத்தா, மூணாவதா வந்த பையனுக்க கண்ணும் அவ வீட்டுக் கோளாறு" என்று அம்மாவையே பேசுகிறார்கள். அம்மா பதில் சொல்வதில்லை. இந்தக் குறை எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வருமா? தம்பிக்கு மாமா மகள்தான் என்று பெரியவர்கள் இப்போதே பேசிக்கொள்கிறார்கள். அதில் பிசகு ஏதும் உண்டா?

பதில்:

ஆச்சி சொத்தைப் பற்றிச் சொன்னது அந்தக் காலத்துக்கு முழுக்கச் சரி, மக்ளே. ரத்தத்தைப் பற்றிச் சொன்னதில் கொஞ்சம் சரி. அந்தக் கொஞ்சம் எது என்று காட்ட உன் தம்பியின் கண்ணே போதும்.

முதலில் சொத்து. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நம் நாஞ்சில் நாட்டில் வேளாளர்களிடையே மக்கள் வழி, மருமக்கள் வழி என்று இரண்டும் அருகருகே இருந்தன. மருமக்கள் வழிக் குடும்பத்தில் தலைவரான காரணவர் இறந்தால் அவர் ஆண்ட வயலும் தோப்பும் அவர் பெற்ற பிள்ளைக்குப் போகாது, அக்காள் தங்கை பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு பங்கு மட்டும் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குவதற்குள் பாதி ஆயுள் கோர்ட்டில் கழிந்தவர்கள் உண்டு. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, இந்த முறையால் மனைவிமாரும் மக்களும் பட்ட பாட்டை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று ஒரு நூலாகவே பாடி வைத்தார். கொல்லம் ஆண்டு 1101-இல், அதாவது 1926-ஐ ஒட்டி, திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்து பெற்ற மக்களின் உரிமைக்கு வழி திறந்தது. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அதற்கு மேலும் போனது.

அதே 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதே ஆண்டில்தான் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோ, ஆல்பர்ட் லெவான் என்ற இருவர் மனித உயிரணுவில் இருக்கும் குரோமோசோம்கள் 46 என்று சரியாக எண்ணிச் சொன்னார்கள். அதுவரை உலகம் முழுக்க 48 என்றே பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கு வயலுக்கும் உடலுக்கும் ஒரே ஆண்டில் நேரானது என்பதை நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். பிள்ளைகள் அந்த ஆண்டை மறப்பதில்லை.

இனி உடலின் கணக்கு. 46 என்பது 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது குன்றல் பகுப்பு நடக்கிறது. அதில் ஜோடி பிரிந்து ஒன்றே ஒன்று உள்ளே போகிறது. எது போகும் என்பது முன்கூட்டித் தீர்மானமானதல்ல. 23 ஜோடியிலும் இப்படித் தனித்தனியாகத் தேர்வு நடப்பதால், ஒரே ஒருவர் 83,88,608 விதமான இனச்செல்களை உருவாக்க முடியும். ஜோடிகள் பிரியும் முன் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் கணக்குக்கு முடிவே இல்லை. உன்னையும் உன் தங்கையையும் ஒரே தாய் தகப்பன் பெற்றும் நீங்கள் வேறு வேறாக இருப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கில் மாமாவுக்கு இடமே இல்லையா? நேரடியாக இல்லை. மாமாவின் உடலிலிருந்து உன் தம்பிக்கு எதுவும் வரவில்லை. ஆனால் மாமாவும் அம்மாவும் ஆச்சி, தாத்தா என்ற ஒரே இருவரிடமிருந்து பங்கு வாங்கியவர்கள். அவர்களுக்குள் சராசரியாகப் பாதி பொது. அதில் பாதியை அம்மா தம்பிக்குத் தருகிறாள். ஆக மாமனுக்கும் மருமகனுக்கும் பொதுவாக இருப்பது சராசரியாகக் கால் பங்கு. பெற்ற மகனோடு மாமாவுக்கு இருப்பது அரைப்பங்கு. சித்தப்பாவோடும் அத்தையோடும் உன் தம்பிக்கு இருப்பதும் அதே கால் பங்குதான். மாமன் என்பதற்காக உடல் தனிச்சலுகை எதுவும் தரவில்லை. சாயலைத் தீர்மானிப்பது ஏராளமான மரபணுக்கள் என்பதால், அந்தக் கால் பங்குக்குள் முகவாயும் மூக்கும் சேர்ந்து விழுந்துவிட்டால் உரித்து வைத்ததுபோல் தெரியும். விழாவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நடையைப் பொறுத்தவரை, பிடித்த மாமாவைப் பார்த்துப் பழகியதும் அதில் கொஞ்சம் இருக்கும்.

கண் விஷயம் இப்படியல்ல. 23 ஜோடிகளில் கடைசி ஜோடி பாலினக் குரோமோசோம்கள். பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. நீலத்துக்கானது ஏழாவது குரோமோசோமில் தனியே இருக்கிறது. பெண்ணுக்கு ஓர் எக்ஸில் அந்த மரபணு பழுதாக இருந்தாலும் இன்னொரு எக்ஸ் கைகொடுத்துவிடும். அவளுக்கு நிறம் நன்றாகவே தெரியும். பழுதைச் சுமப்பவள் என்பது அவளுக்கே தெரியாது. ஆணிடம் இருப்பது ஒரே எக்ஸ். அது பழுதானால் மாற்று இல்லை.

இப்போது உன் வீட்டுக்கு வா. மாமாவின் ஒரே எக்ஸ் ஆச்சியிடமிருந்து வந்தது, ஏனென்றால் தாத்தா அவருக்குத் தந்தது ஒய். அதே பழுதான எக்ஸை ஆச்சி உன் அம்மாவுக்கும் தந்திருக்கிறாள். அம்மா அதைத் தம்பிக்குத் தந்தாள். மாமா தன் மகனுக்கு என்ன தந்தார்? ஒய் மட்டும். அந்தப் பையனின் எக்ஸ் முழுக்க மாமி வீட்டுச் சரக்கு. அதனால்தான் மாமாவுக்கு இருக்கும் குறை அவர் பெற்ற மகனுக்கு இல்லாமல் தங்கை மகனுக்கு வந்திருக்கிறது. மெண்டலின் பட்டாணி ஆய்வு 1866-இல் அச்சாகி, 1900 வரை பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அந்த இடைவெளியில், 1876-இல், ஹார்னர் என்ற சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் நிறக்குருடு குடும்பங்களைப் பார்த்து, இது தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குப் போகிறது என்று எழுதி வைத்தார். காரணம் அவருக்குத் தெரியாது, வழி தெரிந்தது. 1910-இல் நியூயார்க்கில் தாமஸ் ஹண்ட் மோர்கன் வெள்ளைக் கண் பழ ஈயில் இதே வழியைக் கண்டார். மறு ஆண்டே எட்மண்ட் வில்சன் மனித நிறக்குருட்டையும் எக்ஸ் குரோமோசோமின் கணக்கில் சேர்த்தார். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியாவும் இந்த வழியில்தான் போகிறது. ஆச்சி சொன்ன மருமக்கள் வழி இந்த இடத்தில் உண்மை. ஆனால் அது மாமாவிடம் தொடங்கவில்லை, ஆச்சியிடமே தொடங்குகிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். அப்பாவுக்கு நிறம் நன்றாகத் தெரிகிறது என்றால் உனக்கும் உன் தங்கைக்கும் இந்தக் குறை இல்லை. ஆனால் அம்மாவின் இரண்டு எக்ஸில் எது உனக்கு வந்தது என்பது தெரியாது. நீ பழுதைச் சுமப்பவளாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்படிச் சுமந்தால் உனக்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. இரண்டையும் பெருக்கு. இன்று தெரிந்ததை வைத்துச் சொன்னால் ஓர் ஆண் பிள்ளைக்கு நான்கில் ஒன்று. தேர்வில் இந்தக் கணக்கு வந்தால் மகன், மகள் இருவருக்கும் சேர்த்துக் கேட்கிறார்களா, மகனுக்கு மட்டும் கேட்கிறார்களா என்று பார்த்து எழுது. மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

அம்மாவைப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் எந்த மழுப்பலும் இல்லாமல் பதில் சொல்கிறேன். அம்மாவின் கருமுட்டை எல்லாவற்றிலும் எக்ஸ்தான் இருக்கும், அவளிடம் தருவதற்கு வேறு கிடையாது. அப்பாவின் விந்தணுக்களில் ஏறக்குறைய பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் உள்ளது சேர்ந்தால் பெண், ஒய் உள்ளது சேர்ந்தால் ஆண். 1905-இல் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி மாவுப்புழு வண்டுகளின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து இதை நிறுவினார். நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் நம் வீட்டுத் திண்ணைகளில் பிள்ளை பெற்றவளே குற்றவாளியாக நிற்பது எனக்கு ஆத்திரம் தருகிறது. இதைச் சொல்வது பழியை அப்பா மேல் தள்ளுவதற்காகவும் அல்ல. அவர் எந்த விந்தணுவையும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. இரண்டு பிள்ளை பெறுகிற வீடுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் இரண்டும் பெண்ணாக இருக்கும். தம்பியின் கண்ணும் அப்படியே. அம்மாவின் இரண்டு எக்ஸில் எது போகும் என்பது அவள் கையில் இல்லை. அவளுக்கே அது ஆச்சியிடமிருந்து கேட்காமல் வந்தது. இந்தப் பத்தியை அப்பா வீட்டாரிடம் வாசித்துக் காட்டு. நீ சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார்கள், அச்சில் இருந்தால் கேட்பார்கள்.

ஆச்சி எதிர்பார்க்காத இன்னொன்று உண்டு. உடம்பில் முழுக்க முழுக்கத் தாய்வழியாக மட்டும் போகிற சொத்து ஒன்று இருக்கிறது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. உட்கருவில் உள்ள டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்து நீளம் என்றால் இது வெறும் 16,569 எழுத்து. 37 மரபணுக்கள். 1981-இல் கேம்பிரிட்ஜில் இதை முழுக்கப் படித்து முடித்தார்கள். கருமுட்டையில் மைட்டோகாண்ட்ரியாக்கள் லட்சக் கணக்கில் இருக்கும். விந்தணுவில் வாலை இயக்கும் அளவுக்குக் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் கருமுட்டைக்குள் போனதும் அழிக்கப்பட்டுவிடும். ஆகவே உன் மைட்டோகாண்ட்ரியா அம்மாவுடையது, அம்மாவுடையது ஆச்சியுடையது, ஆச்சியுடையது அவள் அம்மாவுடையது. மாமாவிடமும் அதே ஆச்சியின் மைட்டோகாண்ட்ரியாதான், ஆனால் அவரோடு அது நின்றுவிடும். அவர் பிள்ளைகள் மாமியின் வழி. உன் தம்பியிடம் இருப்பது மாமாவிடம் இருக்கும் அதே ஆச்சி வழி. இதைக் கேட்டால் ஆச்சிக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் தம்பியோடும் அது நின்றுவிடும், தொடர்வது உன்னிடமும் தங்கையிடமும் மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

தாய்வழி அறுந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊர் வரலாற்றிலேயே பார்க்கலாம். பத்மநாபபுரம் அரண்மனையைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பாய். அங்கிருந்து திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா 1729-இல் அரியணை ஏறியது மருமகன் என்ற உரிமையில். முந்தைய அரசரின் சொந்த மக்கள் அதை ஏற்காமல் எதிர்த்தார்கள், அந்தச் சண்டை நாஞ்சில் நாட்டையும் உலுக்கியது. மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின் 1758-இல் வந்தவரும் அவர் மருமகனே. இந்த முறையில் அரச குடும்பத்துக்குப் பெரிய அச்சம் பெண் வாரிசு இல்லாமல் போவது. மகன்கள் எத்தனை பேர் இருந்தாலும் பெண் இல்லையென்றால் வழி அறுந்துவிடும். அப்படி அறுந்தபோதெல்லாம் உறவுக் கிளைகளிலிருந்து பெண் குழந்தைகளைத் தத்து எடுத்தார்கள். 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகள் தத்து வந்தார்கள், அவர்களில் ஒருவர் மகன்தான் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள். மைட்டோகாண்ட்ரியாவின் விதியும் இதுதான், ஒரு வித்தியாசம், அதற்குத் தத்து எடுக்கத் தெரியாது. மகள் பிறக்காத தாயோடு அவள் வழி முடிகிறது. 1987-இல் ஆலன் வில்சன் குழுவினர் பல கண்டங்களைச் சேர்ந்த 147 பேரின் மைட்டோகாண்ட்ரியாவை ஒப்பிட்டு, இன்று வாழும் எல்லாருடைய தாய்வழியும் சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணில் போய்ச் சேர்கிறது என்றார்கள். அன்று அவள் ஒருத்தி மட்டும் இருந்தாள் என்று பொருளல்ல. மற்றவர்களின் மகள் வழி இடையில் எங்கோ அறுந்திருக்கிறது.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் மக்கள் வழியின் உடல் வடிவம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த பிச்சப்பனும் மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைக்கு அருகே ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் எம்130 என்ற பழைய ஒய் அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை போன முதல் மனிதக் கூட்டத்தின் தடயமாக அதைச் சொல்கிறார்கள். நம் கடற்கரையும் அந்தப் பாதையில் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் புல்லரிக்கிறது.

கடைசியாகத் தம்பியின் கல்யாணப் பேச்சு. ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பேசுகிற பேச்சே இல்லை அது. இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். மாமா மகள் பழுதான எக்ஸைச் சுமப்பவள், அதில் ஐயமே வேண்டாம், ஏனென்றால் மாமாவிடம் தருவதற்கு வேறு எக்ஸ் கிடையாது. உன் தம்பி அவளைக் கட்டினால் பிறக்கும் ஒவ்வோர் ஆணுக்கும் நிறக்குருடு வர இரண்டில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. பெண்களுக்கு அபூர்வமான இந்தக் குறை சொந்தத்தில் கட்டும் வீடுகளில் தலைகாட்டுவது இப்படித்தான்.

நிறக்குருட்டோடு வாழ்ந்துவிடலாம். என் கவலை மற்றவற்றில். நாம் எல்லாருமே ஒடுங்கு தன்மையுள்ள சில தீங்கான மரபணுக்களை ஒற்றையாகச் சுமக்கிறோம். ஓங்கு தன்மையுள்ள நல்ல ஜோடி இருப்பதால் அவை வெளியே தெரிவதில்லை. மாமன் மகள், அத்தை மகள் முறையில் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. அந்தத் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்து சேர 16-இல் ஒரு வாய்ப்பு. அக்காள் மகளைக் கட்டினால் அது 8-இல் ஒன்று. பிறவிக் காது கேளாமை, தலசீமியா போன்றவை இப்படி வெளிப்படுகின்றன. பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்குமென்றால், மாமன் மகள் அத்தை மகள் திருமணங்களில் அது ஏறக்குறைய ஐந்து, ஆறு ஆகிறது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகத்தான் பிறக்கின்றன என்பதும் இந்த எண்ணிலேயே இருக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே இரண்டு வீட்டுக்குள் கொடுத்து வாங்கினால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அந்தக் காலத்தில் மருமக்கள் வழிக் குடும்பங்களில் மகளை மருமகனுக்கே கட்டிவைத்தால் சொத்து மகளையும் வந்து சேரும் என்றொரு நியாயம் இருந்தது. சட்டம் மாறி மகளுக்கு நேராகவே பங்கு வந்த பிறகு அந்த நியாயமும் இல்லை. மாமா மகளும் தம்பியும் வளர்ந்து அவர்களே விரும்பினால், கல்யாணத்துக்கு முன்பே ஒரு மரபியல் ஆலோசகரைப் பார்க்கட்டும். அவர்கள் விரும்பாவிட்டால் பேச்சை விடுங்கள்.

இப்போது அவனுக்குச் செய்ய வேண்டியது வேறு. நாகர்கோவிலில் ஒரு கண் மருத்துவரிடம் கூட்டிப் போய் இஷிஹாரா சோதனை செய்யச் சொல். 1917-இல் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா உருவாக்கிய புள்ளிப் படங்கள் அவை, வலியில்லை, சில நிமிடம்தான். குறை எவ்வளவு என்று தெரிந்தால் எந்த வேலைக்குப் படிக்கலாம் என்பதை முன்பே யோசிக்கலாம். ரயில் ஓட்டுநர் போன்ற வேலைகளுக்கு நிறப்பார்வை கட்டாயம் கேட்பார்கள். வாகனம் ஓட்டும் உரிமத்துக்கு 2020 முதல் விதி தளர்ந்திருக்கிறது, லேசான, நடுத்தர அளவு நிறக்குறை உள்ளவர்களும் பெறலாம். அவன் வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள். புவியியல் வரைபடத்தில் காட்டைப் பச்சையாலும் எல்லையைச் சிவப்பாலும் மட்டும் காட்டினால் அவனுக்குப் புரியாது, கோடும் எழுத்தும் சேர்த்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வேதியியல் ஆய்வகத்துக்கு அவன் வரும்போது நிறமாற்றத்தைப் பக்கத்திலிருப்பவன் வாய்விட்டுச் சொன்னால் போதும், மற்றதை அவனே செய்துகொள்வான்.